நீலமா நின்னா திங்கலாம்

எங்க தெருவுல யாருக்குச் சர்க்கரை வந்தாலும் மொதல்ல என்கிட்டதான் அனுப்பி வெக்கிறாங்க. "கோவிந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா, அவ எல்லாம் பட்டுத் தேறினவ"ன்னு சொல்லி அனுப்புவாங்களாம். வர்றவங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "இன்னா திங்கலாம், இன்னா திங்கக்கூடாது?" நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி பொடவையைக் கொஞ்சம் ஒதுக்கி வலது காலைக் காட்டுவேன். சுண்டு விரல் இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணும் இருக்காது. "பாத்துக்கோ, இது சோத்துக்குப் போன விரலு"ன்னு சொல்லுவேன். வந்தவங்க முழிப்பாங்க. அப்புறம் உக்கார வெச்சு முழுசாச் சொல்லுவேன். ஆஸ்பத்திரியில கெடந்த நாளெல்லாம் தாண்டிச் சில வருஷம் ஆயிட்டதால இப்ப சிரிச்சுக்கிட்டே சொல்ல முடியுது.

நாங்க முதலியார்பேட்டையில இருக்கோம். மில்லு சங்கு ஊதுறது எங்க அடுப்படி வரைக்கும் கேக்கும். எங்க வீட்டுக்காரருக்கு மில்லுல சாயம் போடற பக்கம் வேலை. நான் வீட்டுல ஜாக்கெட் தைக்கிறேன். மிதிமெஷின். மில்லு பாதி நாளு மூடிக் கெடக்கற காலத்துல என் வலது கால் மிதிச்சாத்தான் வீட்டுல ஒலை கொதிக்கும். எங்களுக்கு ஒரே பொண்ணு, மலர். அப்ப அவ பள்ளிக்கூடம் முடிக்கிற வயசு.

மொதல்ல தாகம்தான் வந்துச்சு. சாதாரணத் தாகம் இல்லம்மா, குடத்தைச் சாய்ச்சு வாயில ஊத்தினாலும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டும். குடிச்ச தண்ணி நிக்காம ஒண்ணுக்குப் போய்க்கிட்டே இருப்பேன். ஊருக்கே ஜாக்கெட் தெச்சுத் தர்ற எனக்கு, என் ஜாக்கெட்டே தொளதொளன்னு ஆயிடுச்சு. தெருமொனை டாக்டர் ஒண்ணுக்கைப் புடிச்சு வரச் சொல்லி, ஒரு கண்ணாடிக் குழாயில நீலத் தண்ணி ஊத்தி, அதுல எட்டுச் சொட்டு விட்டு, விளக்குல காட்டிக் கொதிக்க வெச்சாரு. நீலம் பச்சையாச்சு, பச்சை மஞ்சளாச்சு, கடைசியில செங்கல் நெறத்துல வந்து நின்னுச்சு. "சர்க்கரை வியாதிம்மா. மாத்திரை போடு. இனிப்பு தொடாத. சாப்பாட்டுல கட்டுப்பாடா இரு." அவ்ளோதான். வாசல்ல அத்தனை பேரு காத்துக்கிட்டு இருந்தாங்க, அவரு இன்னா பண்ணுவாரு? அந்த நீல மருந்தையும் ஒரு குழாயையும் வாங்கி வெச்சுக்கிட்டு வீட்டுலயே சோதிச்சுக்கச் சொன்னாரு. அந்த மருந்துக்கு வெள்ளைக்காரப் பேரு ஒண்ணு உண்டு, என் வாயில நுழையாது.

கட்டுப்பாடுன்னா இன்னா? ஒருத்தி வந்து சோத்தை விட்டுடுன்னா. இன்னொருத்தி கோதுமைதான் சூடு, அதை விடுன்னா. ஒருத்தி பாகக்கா குடிச்சா எல்லாம் திங்கலாம்னா. ஆளுக்கு ஒண்ணு சொன்னதுல எனக்குத் தலை சுத்திச்சு.

எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு: "ஊரு ஆயிரம் சொல்லும். நாம சாம்பிள் பாத்துடலாம்." மில்லுல முழு நூலையும் சாயத்தொட்டியில எறக்கறதுக்கு முன்னாடி ஒரு துண்டை நனைச்சுப் பாப்பாங்களாம். நெறம் சரியா வந்தாத்தான் மீதி எறங்கும். "ஒண்ணுக்குல இருக்கற சர்க்கரையக் காட்டற மருந்து, தீனியில இருக்கற சர்க்கரையக் காட்டாதா? நீ திங்கறதுக்கு முன்னாடி நான் பாத்துடறேன். நீலமா நின்னா தின்னு. செவந்தா தொடாத."

எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. நெறத்துல எங்க வீட்டுக்காரரை யாரும் ஏமாத்த முடியாது. தூரத்துல தொங்கற பொடவையைப் பாத்து, இது ரெண்டாந்தரம் முக்குனதுன்னு சொல்லிடுவாரு. அன்னையிலேர்ந்து எங்க அடுப்படி மில்லு மாதிரி ஆயிடுச்சு. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, ஒவ்வொண்ணா நசுக்கிச் சாறெடுத்து, குழாயில விட்டுக் காச்சுவாரு. திராட்சை செக்கச்செவேல்னு வந்துச்சு. வாழப்பழம் செவப்பு. பாலு செவப்பு. "பாத்தியா, பாலுலயே இருக்குது பாரு, எவனாவது சொன்னானா?"ன்னு ஆச்சரியப்பட்டாரு. வெங்காயம் செவந்துச்சு, தக்காளி செவந்துச்சு. கடை ரொட்டி மஞ்சளாச்சு. எல்லாத்தையும் தள்ளிட்டாரு. வெங்காயம் தக்காளி இல்லாம கொழம்பு வெச்சுப் பாருங்க, அப்பத் தெரியும் என் கஷ்டம்!

சோத்துக் கஞ்சி நீலமா நின்னுச்சு. ஜவ்வரிசிக் கஞ்சி நீலம். மரவள்ளிக் கெழங்கு, சுத்தமான நீலம். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே! "தின்னு புள்ள, வயிறு நெறையத் தின்னு. எளச்சுப் போயிட்ட." ஒரு கரண்டி சோறு கேட்டா ரெண்டு கரண்டி போடுவாரு. காலையில ஜவ்வரிசிக் கஞ்சி, மத்தியானம் சோறு, சாயங்காலம் அவிச்ச கெழங்கு, ராத்திரிக்குத் திரும்பச் சோறு. கல்யாணமான புதுசுல கூட அந்தாளு எனக்கு அப்படிப் பரிஞ்சு பரிஞ்சு ஊட்டினதில்ல. பொய் சொல்லக்கூடாது, எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்துச்சு.

ஆனா என் ஒண்ணுக்கைச் சோதிச்சா செங்கல் நெறம். மறுநாளும் செங்கல். அதுக்கு மறுநாளும்.

அவரு மூஞ்சி மாற ஆரம்பிச்சுது. உள்ள போறது அத்தனையும் நீலம். வெளிய வர்றது செவப்பு. அப்படின்னா இவ நடுவுல எதையோ திருட்டுத்தனமாத் திங்கறான்னுதானே அர்த்தம்? மொதல்ல சாடையாக் கேட்டாரு. அப்புறம் சீனி டப்பாவைத் தூக்கிப் பரண் மேல வெச்சாரு. மலரைக் கூப்புட்டு, "அம்மா கடைக்குப் போனாளா? எதிர்த்த வீட்டுல யாராச்சும் பலகாரம் குடுத்தாங்களா?"ன்னு விசாரிச்சாரு. அந்தப் பொண்ணு ரெண்டு பேரையும் பாத்து முழிக்கும். ஒரு நாளு, "வாயை ஊது"ன்னாரு பாருங்க!

"நான் இன்னா சாராயக்கடைக்கா போயிட்டு வந்தேன், வாயை ஊதறதுக்கு?"

"வெல்லம் வாசனை வரும்ல."

"சாமி சத்தியமா ஒரு துளி இனிப்பு நான் வாயில வெக்கல."

"நெறம் பொய் சொல்லாது, கோவிந்தம்மா."

அன்னையோட அவருகிட்டப் பேசறதை விட்டேன். சோத்தைப் போடுவாரு, திம்பேன், தட்டைக் கழுவி வெப்பேன். தலகாணியில மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டு அழுதிருக்கேன். பட்டினி போட்டிருந்தாக்கூட அவ்ளோ வலிச்சிருக்காது.

ஆடி வெள்ளி வந்துச்சு. வீராம்பட்டினம் தேரு. அம்மனுக்கு வேண்டிக்கிட்டு, செருப்பு இல்லாம நடந்தே போனேன். வேண்டுதல் இன்னா தெரியுமா? வியாதி போகணும்னு இல்ல. குழாயில நீலம் வரணும், அந்தாளு என்னை நம்பணும். ரோடு கொதிச்சுது. கூட வந்தவங்க நெழலுக்கு நெழல் ஓடினாங்க. எனக்கு ஒண்ணும் சுடல. அம்மன் அருள்னு நெனச்சுக்கிட்டேன். அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல. சர்க்கரை அதிகமாவே இருந்தா காலு நரம்பு மரத்துப் போயிடுமாம். நெருப்பை மிதிச்சாலும் தெரியாதாம்.

சில நாளு கழிச்சு மெஷின் மிதிச்சுக்கிட்டு இருக்கறப்ப மலர் கத்துனா. "அம்மா, மிதிகட்டையப் பாரு!" குனிஞ்சு பாத்தா ரத்தமும் சீழுமா ஒட்டிக் கெடக்குது. சுண்டு விரலு கறுத்துப் போயிருந்துச்சு. எனக்கு ஒரு வலியும் தெரியல. அதுதான் எனக்குப் பயத்தைக் கெளப்புச்சு.

பெரியாஸ்பத்திரியில சேத்தாங்க. பொம்பளைங்க வார்டு, ஜன்னலோரக் கட்டில். காலைப் பாத்த பெரிய டாக்டர் அந்தப் பக்கம் திரும்பி நின்னு பேசினாரு, ஆனா எனக்குக் காது நல்லாவே கேக்கும். புண்ணு மேல ஏறுது, சர்க்கரை எறங்குனாத்தான் ஆறும், எறங்கலன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கறதைத் தவிர வழியில்ல. எனக்கு மொதல்ல மெஷின்தான் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் மலரு. கட்டில் கம்பியைப் புடிச்சுக்கிட்டுப் படுத்துட்டேன்.

இன்சுலின் ஊசி போட ஆரம்பிச்சாங்க. அது நம்ம ஒடம்புலயே ஊற வேண்டிய ஒரு சுரப்பு. ரத்தத்துல ஓடற சர்க்கரையை ஒடம்புக்குள்ள சேக்கறது அதோட வேலை. அது பத்தாமப் போனா சர்க்கரை ரத்தத்துலயே தேங்கி, மீதி ஒண்ணுக்குல வழியும். எனக்கு இதையெல்லாம் மொதல்ல சொன்னது பக்கத்துக் கட்டில் ரொசாலியம்மா. அவங்க சொல்தா வீட்டம்மா. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து செத்துப் போனவரு. அவங்களுக்கும் சர்க்கரைதான், ரொம்ப வருஷப் பழக்கம். தொடையில ஊசி குத்திக்கிட்டே சினிமாக் கதை பேசுவாங்க. "பயப்படாத புள்ள. சர்க்கரை வந்தவ சர்க்கரையில சாவ மாட்டா, பசியிலதான் சாவா"ன்னு சிரிப்பாங்க.

ஆஸ்பத்திரியில காலையில ஒரு டம்ளர் பாலும் ரொட்டியும் குடுப்பாங்க. எங்க வீட்டுக்காரரு வந்தவுடனே அதை எடுத்து ரொசாலியம்மா பக்கம் வெச்சுடுவாரு. "இது ரெண்டும் செவக்கும். நீ இதைச் சாப்புடு"ன்னு வீட்டுலேர்ந்து கொண்டாந்த தூக்கைத் தொறப்பாரு. ஜவ்வரிசிக் கஞ்சி. மத்தியானம் மலர்கிட்டச் சோறும் கெழங்கும் குடுத்தனுப்புவாரு. சண்டையிருந்தாலும் காலைக் கழுவித் தொடைச்சு விடறது அவருதான். சாயங்காலம் மில்லுலேர்ந்து நேரா வருவாரு, நகக்கண்ணு எல்லாம் நீலமா இருக்கும். நான் சொவத்தைப் பாத்துக்கிட்டுத் தின்னுவேன்.

ஊசி போட்டும் சர்க்கரை எறங்கல. மருந்தை ஏத்தினாங்க, அப்பவும் எறங்கல. நர்சம்மா ஒருத்தி வந்து தலகாணிக்கு அடியில கையை விட்டுப் பாத்தா. "உண்மையச் சொல்லும்மா, மிட்டாய் கிட்டாய் வெச்சிருக்கியா?" வார்டே என்னைத் திரும்பிப் பாத்துச்சு. எங்க வீட்டுக்காரரு அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தாரு. எனக்காக ஒரு வார்த்தை பேசுவாருன்னு பாத்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. காலு போறது கூடப் பெரிசாத் தெரியல அப்ப. இந்த அவமானத்தோட காலும் போகப் போகுதேன்னுதான் இருந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா சின்ன வயசுதான். கத்தவும் இல்ல, மெரட்டவும் இல்ல. கட்டில் ஓரத்துல உக்காந்து, "நேத்து காலையிலேர்ந்து இன்னா இன்னா சாப்புட்டீங்க, ஒண்ணு விடாமச் சொல்லுங்க"ன்னாங்க. சொன்னேன். கஞ்சி, சோறு, கெழங்கு, சோறு. அவங்க புருவம் மேல போய்க்கிட்டே இருந்துச்சு.

"இதெல்லாம் யாரு குடுக்கச் சொன்னாங்க?"

நான் சொவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். ரொசாலியம்மாதான் தாவாங்கட்டையால எங்க வீட்டுக்காரரைக் காட்டினாங்க. அவரு பெருமையாவே முன்னாடி வந்தாரு. "எல்லாம் சோதிச்சதுதாங்க. நீலமா நின்னா மட்டுந்தான் குடுக்கறேன்." பையிலேர்ந்து குழாயை வேற எடுத்துக் காட்டினாரு. எப்பவும் கூடவே வெச்சிருப்பாரு.

டாக்டரம்மா சிரிக்கல. குழாயை வாங்கிப் பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "சீனியைச் சோதிச்சீங்களா?"

"சீனியில சர்க்கரை இருக்குதான்னு எவனாவது சோதிப்பானாம்மா?"

"இப்பச் சோதிக்கலாம்."

எனக்கும் தெரியணும்னு விளக்கை என் கட்டில்கிட்டயே கொண்டாரச் சொன்னாங்க. நர்சுங்க டீக்கு வெச்சிருந்த வெள்ளைச் சீனியில ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணியில கரைச்சு, நீல மருந்துல விட்டு, எங்க வீட்டுக்காரரு கையிலயே குழாயைக் குடுத்தாங்க. அவரு காச்சினாரு. கொதிச்சுது. வார்டுல நடக்க முடிஞ்சவங்க எல்லாம் வந்து சுத்தி நின்னாங்க.

நீலமாவே இருந்துச்சு.

அவரு இன்னும் காச்சினாரு. குழாயை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. ஜன்னல்கிட்டப் போய்ப் பாத்தாரு. "மருந்து செத்துப் போச்சும்மா. பழசு"ன்னாரு. டாக்டரம்மா குளுக்கோஸ் பொடியில ஒரு துளி எடுத்து இன்னொரு குழாயில போட்டாங்க. பொசுக்குன்னு செங்கல் நெறம் வந்துச்சு. மருந்து உயிரோடதான் இருந்துச்சு.

அப்புறம் அவங்க சொன்னதை நான் இன்னைக்கும் அப்படியே சொல்லுவேன். சர்க்கரையில பல ஜாதி இருக்குது. இந்த நீல மருந்துக்கு ஒரு கையாவது காலியா வெச்சிருக்கற ஜாதியைத்தான் அடையாளம் தெரியும். சீனியில ரெண்டு சர்க்கரை ரெண்டு கையையும் கோத்துக்கிட்டு நிக்குது. சோத்துலயும் கெழங்குலயும் நூத்துக்கணக்குல கோத்துக்கிட்டு நிக்குது, அதுக்குப் பேருதான் மாவுச்சத்து. கோத்துக்கிட்டு நிக்கறவரைக்கும் இந்த மருந்துக்கு அது கண்ணுல படாது. வயித்துக்குள்ள போனவுடனே கையை விட்டுப் பிரிஞ்சு, அத்தனையும் சர்க்கரையா ரத்தத்துல எறங்கிடும்.

"நம்பலன்னா இந்தச் சோத்தை மென்னு பாருங்க. முழுங்காதீங்க"ன்னு எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னாங்க. ராத்திரிக்குன்னு எனக்குத் தூக்குல கொண்டாந்த சோறு. அவரு ஒரு வாய் போட்டு மென்னாரு. "இன்னும் மெல்லுங்க." மென்னுக்கிட்டே இருந்தாரு. ரொசாலியம்மா, "மோன் தியே, கடவுளே, மாடு கூட இவ்ளோ நேரம் அசை போடாது"ன்னாங்க. யாரும் சிரிக்கல. மெல்ல மெல்ல அவரு கண்ணு ஒரு மாதிரி ஆச்சு. வாயில இனிப்புத் தட்டியிருக்கணும். கூழாப் போனதைக் குழாயில துப்பினாரு. கொஞ்ச நேரம் வெதுவெதுப்புத் தண்ணியில வெச்சிருந்து காச்சினாங்க. நீலம் பச்சையாச்சு. மஞ்சளாச்சு. காவி நெறத்துல வந்து நின்னுச்சு.

நான் நெறத்தைப் பாக்கல. அவரு மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

டாக்டரம்மா இன்னும் என்னென்னமோ சொன்னாங்க. சோறு அளவா ஒரு கரண்டி போதும், காய் நெறையச் சேத்துக்கணும், தக்காளி வெங்காயத்துல இருக்கற சர்க்கரை ரொம்பக் கொஞ்சம், கொழம்புல போட்டுக்கலாம், பாலு ஒரு டம்ளர் குடிக்கலாம். எங்க வீட்டுக்காரரு எல்லாத்துக்கும் தலையாட்டினாரு. போகும்போது அவரு தோளைத் தொட்டு, "சோதிக்கணும்னு தோணுச்சே, அது நல்லதுதான். சொல்லாம விட்டது எங்க தப்பு"ன்னுட்டுப் போனாங்க. அவரு வராந்தாவுக்குப் போயிட்டாரு. ரொம்ப நேரம் உள்ள வரல.

வந்தப்ப கண்ணு செவந்திருந்துச்சு. ஸ்டூலு இருந்தும் அதுல உக்காரல. என் கால்மாட்டுல தரையில உக்காந்தாரு.

"நீ திங்கலதான்."

"நான்தான் சொன்னேனே."

"நெறம் பொய் சொல்லாதுன்னு நெனச்சேன் புள்ள."

"ஆமா, நெறம் பொய் சொல்லாது, பொண்டாட்டி சொல்லுவாளாக்கும்!"

அத்தனை நாளு பேசாம இருந்த வாயி, சும்மா இருக்குமா? நல்லாக் கேட்டுட்டேன். வாயை ஊதச் சொன்னதைக் கேட்டேன், மலரை விசாரிச்சதைக் கேட்டேன், நர்சு தலகாணியைத் தடவினப்பக் குனிஞ்சு நின்னதைக் கேட்டேன். கட்டுப் போட்ட என் காலு மேல நெத்தியை வெச்சு அழுதாரு. மரத்துப் போன காலு, கண்ணீரு பட்டது எனக்குத் தெரியல. ஆனா பாத்துக்கிட்டு இருந்தேன்ல, மனசு தாங்கல. கையை நீட்டி அவரு தலையைத் தடவினேன். "போதும், எழுந்திரிங்க. வார்டே பாக்குது."

"பாக்கட்டும், பாக்கட்டும். பைத்தியக்காரன்னாலும் நல்ல பைத்தியக்காரன்"னு ரொசாலியம்மா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. மறுநாளுலேர்ந்து அவங்களுக்கு என் பாலும் போச்சு, ரொட்டியும் போச்சு. அதுக்கு ரெண்டு நாளு என்னைத் திட்டினாங்க.

சர்க்கரை எறங்க ஆரம்பிச்சுது. காவி, மஞ்சள், பச்சைன்னு ஒவ்வொண்ணாக் கீழ வந்துச்சு. பெரிய டாக்டர் சுண்டு விரலை மட்டும் எடுத்தாரு. முழிச்சவுடனே போர்வைக்குள்ள கையை விட்டு முழங்காலுக்குக் கீழ தடவிப் பாத்தேன். காலு இருந்துச்சு. "மெஷின் மிதிக்கலாமா?"ன்னுதான் மொதல்ல கேட்டேன். "ஆறட்டும், மிதிக்கலாம்"னாரு. மலரு என்னைக் கட்டிக்கிட்டு அழுதா.

வீட்டுக்கு வந்தோம். இன்சுலின் பாட்டிலை வெக்க எங்ககிட்டக் குளுருப் பெட்டியா இருக்குது? எங்க வீட்டுக்காரரு ஒரு மண்பானையில ஈர மணலைப் போட்டு, அதுல புதைச்சு வெச்சாரு. ஊசியை வெந்நியில கொதிக்க வெக்கறதும் அவருதான். ஆனா அந்தக் குழாயை மட்டும் தொடல. காலையில நான் ஒண்ணுக்கைக் கொண்டாந்து வெச்சா, "நீயே பாத்துக்க. என் கண்ணு மேல எனக்கு நம்பிக்கை இல்ல"ன்னு எழுந்து போயிடுவாரு. சிரிக்கவே இல்ல அந்தாளு. என் தட்டுல இருக்கற அதே ஒரு கரண்டிச் சோத்தைத்தான் தானும் போட்டுக்கிட்டாரு. மில்லுல நாளெல்லாம் நின்னு சாயம் போடறவருக்கு அது எந்த மூலைக்கு?

எனக்குப் பொறுக்கல. ஒரு நாளு குழாயை அவரு கையில திணிச்சேன். "எனக்கு நெறம் சரியாத் தெரியல. பச்சைக்கும் மஞ்சளுக்கும் தடுமாறுது. நெறத்தை நீங்க சொல்லுங்க. இன்னா தின்னேன்னு நான் சொல்றேன். அவ்ளோதான் கணக்கு." விளக்கைக் கொளுத்தினாரு. "நீலம்"னாரு. அன்னையிலேர்ந்து தினம் பாத்தாரு. நீலம், நீலம். வேற ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு.

தீபாவளி வந்துச்சு. மறுநாளு காலையில வழக்கம் போலக் காச்சினாரு. நான் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தேன். நீலம்னு சொல்ற நேரம் தாண்டிடுச்சு. திரும்பிப் பாத்தா, குழாயை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு.

"பச்சை"ன்னாரு.

அவ்ளோதான் சொன்னாரு. வாயை ஊதச் சொல்லல. பரணைப் பாக்கல, மலரைக் கூப்புடல. குழாயைக் கழுவி, தொடைச்சு, எடத்துல வெச்சுட்டு வேலைக்குச் சட்டையை மாட்டினாரு. பொத்தானை மட்டும் ஓட்டை மாத்தி மாத்திப் போட்டாரு.

"எதிர்த்த வீட்டு அதிரசம்"னு நான் சொன்னேன். "ஒண்ணு."

பொத்தானை விட்டுட்டு என்னைப் பாத்தாரு.

"ஒண்ணுதானா?"

"ரெண்டு."

பீரிட்டுக்கிட்டு வந்துச்சு பாருங்க சிரிப்பு, அந்தாளுக்கு! சொவத்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. மில்லு சங்கு ஊதிச்சு, அவரு இன்னும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தாரு.